போர்முனைக்குப் போகும் போர்வைகள்: எங்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் சான் அன்டோனியோ நகரில் மாதம் இரண்டு சனிக்கிழமை, ஒரு நூலகத்தின் பின்கூடத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்து தைக்கிறோம். தைப்பதெல்லாம் அமெரிக்க ராணுவத்தினருக்கான குயில்ட் போர்வைகள். போர்வை முடிந்த கையோடு, வெளிநாட்டில் பணியில் இருப்பவர்களுக்குப் பரிசுப் பெட்டிகளும் கட்டுவோம். அந்தக் குழுவில் நான் ஒருத்திதான் தமிழ். அதனால் பொங்கல் விழாவில் பார்ப்பவர்கள், ஊரிலிருந்து போன் செய்யும் சித்தி, பக்கத்துத் தெருவுக்குப் புதிதாக வந்த பெண் என்று எல்லோரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளை என்னிடம் கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே அவற்றை இங்கே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைச் சேர்த்திருக்கிறேன்.

"குயில்ட்னா என்ன? நம்ம ஊர் போர்வை, ஜமக்காளம் மாதிரிதானே?"

ஜமக்காளம் தறியில் நெய்வது. குயில்ட் மூன்று அடுக்காகத் தைப்பது. மேலே, சின்னச் சின்னத் துணித் துண்டுகளை இணைத்து ஒரு கோலம் போல அமைத்த முகப்பு. நடுவில், பேட்டிங் என்கிற மெல்லிய பஞ்சு விரிப்பு. அடியில் ஒரே துணி. மூன்றும் நழுவாமல் இருக்க, முழுப் பரப்பிலும் தையல் ஓட்ட வேண்டும். அந்தத் தையலுக்குத்தான் குயில்டிங் என்று பெயர். கடைசியில் நான்கு விளிம்பையும் பட்டி வைத்து மூடுவோம்.

என் பாட்டி பழைய நூல் புடவைகளை நாலைந்தாக அடுக்கி, ஓடுதையல் போட்டு, பிள்ளைகளுக்கு விரிப்பு தைப்பார். வங்காளத்துக் கந்தாவும் அந்த வகைதான். அதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு குயில்ட் புதிய விஷயமே இல்லை. ஊசி, நூல், பொறுமை மூன்றும் ஒன்றுதான்.

"சிப்பாய்க்குப் போர்வை எதுக்குங்க? கவர்மென்ட்டே எல்லாம் குடுக்குமே?"

கொடுக்கும். குளிருக்குப் போர்வை இல்லாமல் யாரும் அங்கே நடுங்கவில்லை. ஆனால் அரசாங்கம் கொடுப்பதெல்லாம் ஒரே பச்சை, ஒரே மண் நிறம். பக்கத்துக் கட்டிலில் இருப்பதும் அதேதான். 'இது என்னுடையது, எனக்காக ஒருவர் உட்கார்ந்து செய்தது' என்று சொல்ல அந்த முகாமில் அவருக்கு வேறு ஒன்றும் இருக்காது.

குயில்ட்ஸ் ஆஃப் வேலர் என்ற அமைப்பின் கதையைச் சொன்னால் இன்னும் புரியும். அதைத் தொடங்கியவர் டெலவேர் மாநிலம் சீஃபோர்டில் வசித்த கேத்தரின் ராபர்ட்ஸ். 2003-ல் அவருடைய மகன் ஈராக்கில் இருந்தார். பிள்ளைக்கு என்ன ஆகுமோ என்று தவித்துக் கொண்டிருந்த நாட்களில் அவர் மனக்கண்ணில் ஒரு காட்சி வந்ததாம். நடு ராத்திரியில் கட்டில் ஓரத்தில் ஒரு இளைஞன் கூனிக் குறுகி உட்கார்ந்திருக்கிறான். அடுத்த காட்சியில் அதே இளைஞன் ஒரு குயில்ட்டைப் போர்த்தியிருக்கிறான், முகம் மாறியிருக்கிறது. அந்த ஆண்டு நவம்பரில், வாஷிங்டனில் இருந்த வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனையில் முதல் போர்வை வழங்கப்பட்டது. பெற்றவர் மினசோட்டாவைச் சேர்ந்த இளம் வீரர், ஈராக்கில் காலை இழந்தவர்.

"இது எப்ப ஆரம்பிச்ச பழக்கம்? ஈராக் போருக்கு அப்புறமா?"

இல்லை, மிகப் பழையது. அமெரிக்க உள்நாட்டுப் போர் 1861-ல் தொடங்கியபோது, வடக்குப் படையினருக்காக சானிட்டரி கமிஷன் என்ற அமைப்பு உருவானது. ஊர் ஊராகப் பெண்கள் கூடி அதற்குப் போர்வை, காலுறை, கட்டுத்துணி அனுப்பினார்கள். மருத்துவமனைக் கட்டிலுக்குப் பொருந்தும்படி ஏழடி நீளம், நாலடி அகலத்தில் தைத்த போர்வைகள் அவை. லட்சக்கணக்கில் போனவற்றில் இன்று மிஞ்சியிருப்பவை மிகச் சில. மற்றவை பயன்பட்டுக் கிழிந்து போயின. சில, இறந்தவர்களைச் சுற்றிப் புதைக்கவும் பயன்பட்டன. இரண்டாம் உலகப் போரில் கனடாப் பெண்கள் தைத்த போர்வைகள் செஞ்சிலுவைச் சங்கம் வழியாக பிரிட்டனுக்குப் போயின. குண்டுவீச்சில் வீடிழந்த குடும்பங்களுக்கும் அவை கிடைத்தன.

பரிசுப் பெட்டிக்கும் அப்படி ஒரு வரலாறு உண்டு. 1914 கிறிஸ்துமஸுக்கு, பிரிட்டிஷ் இளவரசி மேரியின் பெயரில் பித்தளைப் பெட்டிகள் படையினருக்குப் போயின. ஆங்கிலேயருக்குப் புகையிலையும் சிகரெட்டும். இந்தியச் சிப்பாய்களுக்கு என்ன பிடிக்கும் என்று யோசித்து, அவர்களில் பலருக்குக் கற்கண்டும் மசாலாவும் வைத்தார்கள். யாருக்கு அனுப்புகிறோம் என்று தெரிந்து அனுப்புவது எவ்வளவு முக்கியம் என்பதற்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் இதுதான்.

ஜப்பானில் செந்நின்பாரி என்று ஒன்று இருந்தது. ஆயிரம் பெண்கள் ஆளுக்கு ஒரு முடிச்சுத் தையல் போட்ட இடுப்புத் துணி. தாயோ மனைவியோ தெருமுனையில் நின்று, போகிற வருகிற பெண்களிடம் ஒரு தையல் கேட்பார். புலி ஆண்டில் பிறந்த பெண் மட்டும் தன் வயது எத்தனையோ அத்தனை தையல் போடலாம். புலி எவ்வளவு தூரம் போனாலும் வீடு திரும்பிவிடும் என்பது அவர்கள் நம்பிக்கை. இதைப் படித்த அன்று எனக்கு வேலை ஓடவில்லை.

"இப்போ போர்முனையில இருக்கறவங்களுக்கா, திரும்பி வந்தவங்களுக்கா? யாருக்குத் தைக்கிறீங்க?"

இரண்டு தரப்புக்கும் உண்டு, ஆனால் வழி வேறு. குயில்ட்ஸ் ஆஃப் வேலர் போர்வை, போரால் பாதிக்கப்பட்ட படையினருக்கும் முன்னாள் படையினருக்கும் உரியது. பெரும்பாலும் நேரில், பெயர் சொல்லி அழைத்து, தோளில் போர்த்தி வழங்குவார்கள். ஒருவருக்கு வாழ்நாளில் ஒன்றுதான். யார் வேண்டுமானாலும் ஒருவர் பெயரைப் பரிந்துரைக்கலாம். வியட்நாம் போருக்குப் போய்வந்த முதியவர்கள் பலர் இன்று இதைப் பெறுகிறார்கள். வந்திறங்கிய நாளில் வரவேற்பே கிடைக்காதவர்கள் அவர்கள்.

இப்போது வெளிநாட்டு முகாமில் இருப்பவருக்கு அஞ்சலில்தான் அனுப்ப முடியும். சோல்ஜர்ஸ் ஏஞ்சல்ஸ், ஆபரேஷன் கிராட்டிட்யூட் போன்ற அமைப்புகள் 2003 முதல் பரிசுப் பொருட்களைச் சேர்த்து அனுப்புகின்றன. ஆஸ்திரேலியாவில் ஆஸி ஹீரோ குயில்ட்ஸ் என்ற அமைப்பின் தொண்டர்கள், வெளிநாட்டுப் பணியில் இருக்கும் தங்கள் படையினருக்குக் குயில்ட்டோடு அழுக்குத்துணிப் பையும் தைத்து அனுப்புகிறார்கள். எனக்கு அந்தப் பை மிகவும் பிடிக்கும். முகாம் சலவைக்கூடத்தில் எல்லாப் பைகளும் ஒன்று போலவே இருக்கும். நடுவில் ஒரு கங்காரு படம் போட்ட பை கிடந்தால் உடனே கைக்கு வந்துவிடும்.

"என்ன அளவுல தைக்கணும்? எவ்வளவு துணி வாங்கணும்?"

குயில்ட்ஸ் ஆஃப் வேலர் சொல்லும் குறைந்தபட்ச அளவு 55-க்கு 65 அங்குலம், அதிகபட்சம் 72-க்கு 90. அவர்கள் விரும்புவது 60-க்கு 80. ஆறடி ஆள் படுத்துக் காலை நீட்டினால் பாதம் மூட வேண்டும், அதுதான் கணக்கு. நீங்கள் தைத்து முடித்தபின் 10 அங்குலம் வரும் கட்டங்களாகப் போனால், குறுக்கே 6, நீளவாக்கில் 8, ஆக 48 கட்டங்கள். ஒவ்வொன்றையும் பத்தரை அங்குலமாக வெட்டுங்கள். இரண்டு பக்கமும் கால் அங்குலம் தையலுக்குப் போகும். அந்தக் கால் அங்குலத்தில் ஒவ்வொரு முறையும் ஒரு நூல் பருமன் பிசகினாலும், எட்டாவது கட்டத்தில் வரிசை கோணிவிடும். முதல் இரண்டு கட்டத்தைத் தைத்ததும் அளந்து பாருங்கள். சரியில்லை என்றால் அங்கேயே பிரித்துவிடுங்கள்.

அடித்துணிக்கு, சாதாரண 42 அங்குல அகலத் துணியில் 5 கஜம் வேண்டும். அதை இரண்டாக வெட்டிப் பக்கவாட்டில் இணைப்போம். விளிம்புப் பட்டிக்கு இரண்டரை அங்குல அகலத்தில் 8 கீற்று, அதாவது முக்கால் கஜத்துக்குள் முடியும். முகப்புக்கு உங்கள் கோலத்தைப் பொறுத்து 5, 6 கஜம். நல்ல துணி வாங்கினால் செலவு 150 டாலரைத் தொட்டுவிடும். அதனால்தான் நாங்கள் ஒரு போர்வைக்கு மூன்று நான்கு பேராகச் சேர்ந்து கொள்கிறோம். முகப்பைத் தைத்துக் கொடுத்தால் போதும். லாங்-ஆர்ம் என்ற பெரிய இயந்திரம் வைத்திருக்கும் தொண்டர்கள் மூன்றடுக்குத் தையலைப் போட்டுத் தருவார்கள். அங்கங்கே நூல் முடிச்சுப் போட்டு நிறுத்துவது மட்டும் கூடாது. அது பல சலவைக்குத் தாங்காது.

"எங்கிட்ட நல்ல காட்டன் புடவை பத்து இருக்கு. அதுல தைக்கலாமா?"

இந்தக் கேள்வியைக் கேட்காத தமிழ்ப் பெண் இல்லை. எனக்கும் முதலில் அதே ஆசைதான். ஆனால் இந்தப் போர்வைக்கு வேண்டாம். புடவைத் துணி மெல்லியது, குயில்ட் துணி கனமானது. இரண்டையும் சேர்த்தால் நாலு சலவையில் புடவைப் பகுதி மட்டும் நைந்து பிளக்கும். பழசாக இருந்தால் இன்னும் சீக்கிரம். பட்டும் பாலியெஸ்டரும் அறவே கூடாது. முகாமிலும் மருத்துவமனையிலும் எல்லாவற்றையும் இயந்திரத்தில் போட்டுக் கடும் சூட்டில்தான் உலர்த்துவார்கள்.

முழுப் பருத்தியில், குயில்டிங்குக்கென்றே விற்கும் துணியை வாங்குங்கள். புடவைகளைப் பத்திரமாக வையுங்கள். உங்கள் பேரப்பிள்ளைக்குப் பாட்டி வழியில் ஒரு விரிப்பு தைக்க அதைவிட நல்ல துணி கிடையாது.

"கண்டிப்பா சிவப்பு, வெள்ளை, நீலம்தானா? கொடியையே தைச்சுட்டா என்ன?"

நிறக் கட்டாயம் கிடையாது. பலரும் அந்த மூன்று நிறத்தை எடுக்கக் காரணம், பெறுபவர் பார்த்ததும் 'இது படைக்கு' என்று உணர்வார் என்பதே. பழுப்பு, கரும்பச்சை, பொன்னிறம் சேர்த்தும் தைத்திருக்கிறோம். பூப்போட்ட இளஞ்சிவப்பு வேண்டாம் என்று சிலர் சொல்வார்கள். பெண் வீரர்களுக்குத் தைக்கும்போது நான் அந்தப் பேச்சுக்குக் காது கொடுத்ததில்லை.

கொடியை அப்படியே போர்வையாக்காதீர்கள். படுக்கை விரிப்பாகக் கொடியைப் பயன்படுத்தக் கூடாது என்று அமெரிக்கக் கொடிச் சட்டமே சொல்கிறது. கொடிக்காக உயிரைப் பணயம் வைத்தவரின் காலடியில் அதை விரிக்கச் சொல்வது அவரைச் சங்கடப்படுத்தும். நட்சத்திரம் தனியாக, கோடுகள் தனியாக, உங்கள் அமைப்பில் வரலாம்.

"துவைக்காம புதுசாவே குடுத்தாதானே நல்லா இருக்கும்?"

கட்டாயம் துவைத்துத்தான் கொடுக்க வேண்டும். கடைத்துணியில் கஞ்சியும் ரசாயனமும் இருக்கும். தீக்காயம் ஆறிக்கொண்டிருக்கும் தோலுக்கு அது ஆகாது. அதைவிட முக்கியம், சிவப்புச் சாயம். நான் தைத்த இரண்டாவது போர்வையில் சிவப்புத் துணியை முன்கூட்டி நனைக்கவில்லை. முடித்துத் துவைத்தபோது, வெள்ளைக் கட்டமெல்லாம் ரோஜா நிறமாகிவிட்டது. பிரித்து, அந்தக் கட்டங்களை மாற்ற எனக்கு மூன்று வாரம் ஆனது. சாயம் பிடிக்கும் தாள் என்று கடையில் கிடைக்கும். முதல் சலவையில் நாலைந்து தாள் போடுங்கள்.

துவைத்தபின் வெயிலடிக்கும் ஜன்னலோரம் விரித்து, உள்ளங்கையால் ஒரு அங்குலம் விடாமல் தடவிப் பாருங்கள். குண்டூசி ஒன்று உள்ளே சிக்கியிருந்தால் அங்கேதான் தெரியும். எங்கள் குழுவில் ஊசிகளை எண்ணித்தான் எடுப்போம், எண்ணித்தான் வைப்போம். வீட்டில் யாராவது புகைபிடித்தாலோ, பூனை, நாய் இருந்தாலோ முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஒவ்வாமை உள்ளவர் கைக்கு அது போகாமல் பார்த்துக்கொள்வோம்.

"லேபிள்ல எம் பேரு போடணுமா? கூச்சமா இருக்கே."

போடுங்கள். பின்பக்க மூலையில் ஒரு சின்னத் துணிச் சீட்டு. முகப்பைத் தைத்தவர், மூன்றடுக்குத் தையல் போட்டவர், விளிம்பு மூடியவர், பெறுபவர் எல்லோரின் பெயரும் அதில் இருக்கும். போர்வையின் ஒரு பகுதி அது. யாரோ ஒரு தொழிற்சாலையில் செய்ததல்ல என்று பெறுபவருக்குச் சொல்வது அந்தச் சீட்டு மட்டும்தான். ஒருமுறை வழங்கும் விழாவில், எழுபது வயதைத் தாண்டிய ஒருவர் என் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்து, எப்படி உச்சரிப்பது என்று கேட்டு, மூன்று முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். அழியாத மையில் எழுதுங்கள். சாதாரணப் பேனா முதல் சலவையிலேயே போய்விடும்.

"போர்வை என்னால முடியாது. ஒரு டப்பால சாமான் போட்டு அனுப்பலாம்னு இருக்கேன். என்ன போடலாம்?"

நல்ல காலுறை. இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். பூட்ஸுக்குள் போடும் கனமான, வியர்வை உறிஞ்சும் காலுறை, கறுப்பு அல்லது மண் நிறத்தில். பிறகு முகம், கை துடைக்கும் ஈரத்தாள், உதட்டுக்குத் தடவும் களிம்பு, பாதத்துக்குப் போடும் பவுடர், கண் சொட்டு மருந்து. பாலைவன முகாமில் தூசி தீராத தொல்லை. தண்ணீரில் கரைக்கும் பானப் பொட்டலங்கள், இன்ஸ்டன்ட் காபி, கொட்டை வகைகள், சீட்டுக்கட்டு. எதையும் நாலு பேருக்குப் பகிர்கிற மாதிரி போடுங்கள். அங்கே டப்பாவைத் தனியாக யாரும் பிரிப்பதில்லை.

கோடையில் சாக்லேட் வேண்டாம், குழம்பாகிப் போய்ச் சேரும். வாசனை சோப்பையும் தின்பண்டத்தையும் ஒரே பெட்டியில் வைக்காதீர்கள், பிஸ்கட்டில் சோப்பு வாடை ஏறிவிடும். அழுத்தம் நிரப்பிய ஸ்ப்ரே டப்பாக்கள் விமானத்தில் போகாது. இதற்கு ஒரு உண்மைச் சம்பவம் உண்டு. பிறந்தநாளில் பிள்ளைகள் பீய்ச்சி விளையாடும் நுரைநூல் டப்பா இருக்கிறதே, அதை ஈராக்கில் வீரர்கள் வாசற்படியில் பீய்ச்சுவார்கள். கண்ணுக்குத் தெரியாத கண்ணிவெடிக் கம்பி இருந்தால், நூல் அதன்மேல் தொங்கும், வெடிக்காது. இதைக் கேள்விப்பட்ட நியூ ஜெர்சித் தாய் ஒருவர் சுமார் 80,000 டப்பா சேர்த்துவிட்டார். ஆனால் அபாயப் பொருள் என்பதால் அனுப்ப வழியில்லாமல் அவை பல மாதம் கிடந்தன. 2007-ல்தான் கிளம்பின. எனவே சேர்ப்பதற்கு முன் அனுப்ப முடியுமா என்று பாருங்கள்.

"முறுக்கு, ஊறுகாய் அனுப்பலாமா அக்கா?"

தெரிந்தவருக்கு முறுக்கு அனுப்பலாம். தாராளமாக. தட்டை, முறுக்கு, ரிப்பன் பக்கோடா எல்லாம் பயணம் தாங்கும். காற்றுப் புகாத டப்பாவில், சுற்றி இடம் விடாமல் அடுக்குங்கள். எங்கள் ஊர்த் தமிழ்ப் பையன் ஒருவர் கடற்படையில் இருந்தபோது அவன் அம்மா அப்படித்தான் அனுப்பினார். கப்பலில் முறுக்கு கேட்டு வரிசை நின்றதாம். ஆனால் முன்பின் தெரியாதவருக்கு வீட்டுப் பண்டம் கூடாது. அமைப்புகளும் வாங்காது. கடையில் வாங்கிய, முத்திரை பிரிக்காத பொட்டலம் மட்டும்தான். பாதுகாப்பு கருதிய விதி இது, உங்கள் சமையலைக் குறை சொல்வதல்ல.

ஊறுகாய் வேண்டாம், எண்ணெய் கசிந்தால் பெட்டி முழுவதும் போச்சு. மது கூடாது. பன்றி இறைச்சி கலந்த தின்பண்டம் மத்திய கிழக்கின் பல முகவரிகளுக்குத் தடை. உலர்த்திய இறைச்சி வாங்கும்போது பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

"அட்ரஸ்ல நாட்டு பேரே இல்லையே, எப்படிப் போகும்? கூரியர்ல போட்டுடவா?"

நாட்டின் பெயரை வேண்டுமென்றேதான் விடுகிறார்கள். பெயர், பிரிவு எண், பெட்டி எண், அடுத்து ஊர் இருக்க வேண்டிய இடத்தில் ஏபிஓ (APO) அல்லது எஃப்பிஓ (FPO) என்ற ராணுவ அஞ்சல் குறி, மாநில இடத்தில் ஏஈ (AE), ஏபி (AP), ஏஏ (AA) என்ற மூன்றில் ஒன்று, பிறகு அஞ்சல் குறியீடு. தரைப்படை, விமானப்படைக்கு ஏபிஓ, கப்பலுக்கும் கடற்படைக்கும் எஃப்பிஓ. நீங்கள் உதவி செய்வதாக நினைத்து 'குவைத்' என்று கீழே எழுதினால், பெட்டி அந்த நாட்டு அஞ்சலுக்குள் போய்ச் சிக்கிக்கொள்ளும்.

தனியார் கூரியர் வேண்டாம், அரசு அஞ்சல்தான் வழி. கட்டணம் உள்நாட்டுக் கட்டணமே. ஏபிஓ முகவரிக்குப் பெரிய ஒரே-விலைப் பெட்டியில் கொஞ்சம் தள்ளுபடியும் உண்டு. பெட்டிகள், சீட்டுகள் அடங்கிய இலவசக் கட்டு ஒன்றை அஞ்சல் துறை வீட்டுக்கே அனுப்பும். சுங்கச் சீட்டில் 'பரிசு' என்று மட்டும் எழுதாமல், உள்ளே இருப்பதை ஒவ்வொன்றாக எழுதுங்கள். பெட்டிக்குள்ளும் முகவரி எழுதிய தாள் ஒன்றைப் போடுங்கள். மேலே இருக்கும் சீட்டு கிழிந்தால் அதுதான் காப்பாற்றும்.

"எனக்கு யாரையும் தெரியாது. 'அன்புள்ள ராணுவ வீரருக்கு'ன்னு போட்டு அனுப்பலாமா?"

முன்பு முடிந்தது. பெயரில்லாமல் எந்தப் படைவீரருக்கும் அனுப்பும் திட்டம் ஒன்று இருந்தது. 2001 இலையுதிர் காலத்தில் ஆந்த்ராக்ஸ் என்ற கொடிய நோய்க்கிருமித் தூள் தடவிய கடிதங்கள் வந்து 5 பேர் இறந்தார்கள். அதோடு அந்தத் திட்டம் நின்றது. இன்று பெயர் இல்லாத பெட்டியை ஏற்க மாட்டார்கள். மேலே சொன்ன அமைப்புகள் மூலம் போவதுதான் சரி. முகவரி கிடைத்தால் அதை வாட்ஸப் குழுவில் போட்டுவிடாதீர்கள். யார் எங்கே இருக்கிறார் என்பது வெளியே போகக் கூடாத விஷயம்.

"தீபாவளிக்கு அனுப்பினா கிறிஸ்துமஸுக்குப் போய்ச் சேருமா?"

பெரும்பாலும் சேரும். சாதாரண வழியில் நவம்பர் தொடக்கத்துக்குள், விரைவு வழியில் டிசம்பர் முதல் வாரத்துக்குள் போட்டுவிடுங்கள். அஞ்சல் துறை ஒவ்வொரு ஆண்டும் கடைசித் தேதிகளை வெளியிடும். அவர் ஊர் திரும்பும் மாதம் தெரிந்தால், அதற்கு ஒன்றரை மாதம் முன்பே அனுப்புவதை நிறுத்திவிடுங்கள்.

"லெட்டர்ல என்ன எழுதறதுன்னே தெரியல."

உங்கள் வீட்டில் அன்று நடந்ததை எழுதுங்கள். தோட்டத்தில் கத்தரிக்காய் காய்த்தது, பிள்ளை சைக்கிளில் விழுந்தது, மழை வராமல் வானம் மூடியே கிடக்கிறது. தினமும் ஒரே மணலைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு இதுதான் வேண்டும். அரசியல் வேண்டாம். யாரைக் கொன்றாய், பயமாக இருக்கிறதா என்று கேட்கவே வேண்டாம். ஆங்கிலம் சரளமாக வராது என்று தயங்காதீர்கள். நாலு வரி போதும். பிள்ளைகள் படம் வரைந்தால் முதல் பெயர் மட்டும் எழுதச் சொல்லுங்கள், வீட்டு விலாசம் வேண்டாம்.

"ரெண்டு வருஷமாச்சு. ஒரு தேங்க்ஸ் கூட வரல."

வராது என்று வைத்துக்கொண்டு தையுங்கள். நான் தைத்து முடித்த பதினான்கில் மூன்றுக்குத்தான் பதில் வந்தது. அஞ்சல் எப்போது போகும், எங்கே மாற்றலாகும் என்பது அவர்கள் கையில் இல்லை. சிலருக்கு அந்த நாட்களைப் பற்றி ஒரு வரிகூட எழுத முடியாது. பதில் எழுதும் கடனையும் சேர்த்து அவர்மேல் போட எனக்கு மனம் வரவில்லை.

"போர்வையால மனசு சரியாகிடுமா என்ன?"

ஆகாது. மருந்தோ சிகிச்சையோ அல்ல இது. போர்வையே மருந்து என்று பேசுபவர்களிடம் நான் தலையாட்டுவதில்லை. இருட்டில் தூக்கம் வராமல் உட்கார்ந்திருப்பவருக்குக் கைக்கு எட்டும் தூரத்தில் ஒரு கனம், ஒரு கதகதப்பு. அவ்வளவுதான் எங்களால் தர முடிந்தது. உங்கள் வீட்டிலோ பக்கத்திலோ ராணுவத்தில் இருந்தவர் யாராவது நிலைகுலைந்து பேசினால், அமெரிக்காவில் 988 அழைத்து 1-ஐ அழுத்துங்கள். முன்னாள் படையினருக்கென்றே எந்நேரமும் ஆள் இருக்கும் எண் அது. குடும்பத்தினரும் அழைக்கலாம். எங்கள் பரிசுப் பெட்டிகளில் அந்த எண் எழுதிய அட்டை ஒன்று எப்போதும் உண்டு.

"இது போரை ஆதரிக்கறது ஆகாதா?"

நான் ஈராக் போரைத் தவறென்று நினைத்தவள், இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். எங்கள் மேசையில் அதைச் சரியென்று நினைப்பவரும் இருக்கிறார். போருக்கு அனுப்புவதை முடிவு செய்பவர் யாரும் அந்தக் கட்டிலில் தூங்குவதில்லை. தூங்குபவர் பத்தொன்பது, இருபது வயதுப் பிள்ளை. கல்லூரிக்குப் பணம் இல்லாமல் சேர்ந்தவர்களை எனக்கே தெரியும். அந்தப் பிள்ளைக்குத் தைக்கிறேன். இதை ஏற்காதவர்களிடம் எனக்குக் கோபம் இல்லை.

"ஆமி எண்ட சொல்லைக் கேட்டாலே எனக்கு நெஞ்சு பதறும். நீங்கள் எப்பிடி அவைக்குப் போர்வை தைக்கிறியள்?"

யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஒரு அக்கா கேட்டது இது. அவர் அனுபவித்தது நான் அனுபவிக்காதது. அவரிடம் முந்தைய பதிலைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சீருடையைக் கண்டு ஓடி ஒளிந்தவரிடம், சீருடைக்குள் இருப்பவனும் ஒரு தாயின் பிள்ளை என்று விளக்குவது என் வேலை இல்லை. உங்களுக்கும் அப்படி இருந்தால் இந்தப் பக்கம் வரவே வேண்டாம். மருத்துவமனைக் குழந்தைகளுக்குத் தைக்கும் குழுக்கள் உண்டு. அந்த அக்கா இப்போது குறைமாதக் குழந்தைகளுக்குத் தொப்பி பின்னுகிறார்.

"இந்தியாவுல நம்ம ஜவான்களுக்கு இது மாதிரி செய்யலாமா?"

செய்திருக்கிறார்கள். 1962 சீனப் போரின்போது நாடு முழுவதும் பெண்கள் கம்பளிச் சட்டை பின்னி எல்லைக்கு அனுப்பினார்கள். அந்தக் காலத்து அம்மாக்களைக் கேட்டால் சொல்வார்கள். ரக்‌ஷா பந்தனுக்குப் பள்ளிப் பிள்ளைகள் ராக்கி அனுப்புவது இப்போதும் நடக்கிறது. உங்கள் உறவினர் படையில் இருந்தால், அவர் தரும் எண், பெயர், பிரிவு, அதோடு 56 ஏபிஓ அல்லது 99 ஏபிஓ என்று எழுதி அஞ்சலில் போடலாம். அங்கும் ஊர் பெயர் எழுதக் கூடாது, காரணம் மேலே சொன்னதுதான். யாரென்று தெரியாதவருக்கு அனுப்ப நினைத்தால், முதலில் படையில் இருக்கும் ஒருவரைக் கேட்டு, எந்தப் பிரிவு வாங்கிக்கொள்ளும் என்று உறுதி செய்யுங்கள். மலைமுகாமுக்கு என்றால் கனமான பொருளைத் தவிருங்கள். கடைசிக் கட்டத்தை யாராவது முதுகில் சுமக்க வேண்டியிருக்கும்.

"அனுப்பினது திரும்பி வந்துட்டா என்ன அர்த்தம்? பயமா இருக்கு."

பெரும்பாலும் மாற்றல் அல்லது ஊர் திரும்பல். பெட்டி போய்ச் சேரும் முன் அவர் கிளம்பியிருப்பார். பயப்படாமல், அமைப்பிடம் கேட்டு வேறொருவருக்கு அனுப்புங்கள். நீங்களாகத் தேடி அவர் வீட்டாரைத் தொடர்புகொள்ளாதீர்கள்.

சில நேரம் நீங்கள் பயந்ததுதான் காரணமாக இருக்கும். குயில்ட்ஸ் ஆஃப் வேலர் போர்வை உயிரோடு இருப்பவருக்கு மட்டுமே. இறந்தவரின் குடும்பத்துக்கென்று ஹோம் ஆஃப் தி பிரேவ் என்ற வேறொரு திட்டம் இருக்கிறது. மேலே சொன்ன உள்நாட்டுப் போர்க்கால சானிட்டரி கமிஷன் போர்வைகளின் அமைப்பிலேயே தைத்துத் தருகிறார்கள்.

எங்கள் குழுவில் மூத்த பெண்மணி ஒருவருக்கு அப்படி ஒரு பெட்டி ஒருமுறை திரும்பி வந்தது. எங்கள் மேசையில் வைத்துத்தான் பிரித்தார். காலுறைகளையும் காபியையும் எடுத்து அடுத்த பெட்டியில் அடுக்கினார். கடிதத்தை மட்டும் மடித்துத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து விளிம்புப் பட்டியைத் தைக்கத் தொடங்கினார்.